சத்தம் வரவில்லை என்பதற்காகவா பார்மட்?

வீட்டுக் கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது: “பார்மட் போட்டுவிடலாம் சார், சரியாகிவிடும்.” வந்தவரும் தலையாட்டிவிட்டு வீடு திரும்புகிறார். ஊர் ஊராக இதுதான் நடக்கிறது. இந்த வழக்கத்தின் மீது எனக்குக் கடும் கோபம் இருக்கிறது.

பார்மட் என்றால் விண்டோஸ் இருக்கும் சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அப்படிச் செய்தால் என்னென்ன போகும் என்று யாரும் விளக்கிச் சொல்வதில்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் என்று நாம் அன்றாடம் சேமித்துவைக்கும் இடங்கள் எல்லாம் வழக்கமாக விண்டோஸ் இருக்கும் அதே சி டிரைவில்தான் இருக்கின்றன. “டி டிரைவைத் தொட மாட்டோம்” என்ற உறுதிமொழியால் என்ன பயன்? பேரக்குழந்தையின் காதுகுத்துப் படங்களை டி டிரைவில் தேடிப்போய்ச் சேமிக்கும் தாத்தாவை நான் பார்த்ததில்லை. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பத்து வருடமாக எழுதிவைத்த கோப்புகள் பிழைத்துக்கொண்டாலும், எழுத்துரு போய்விட்டால் திறந்ததும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குழம்பிக் கிடக்கும்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊர்க் கோயிலின் வரலாற்றை அந்தப் பழைய எழுத்துருவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறார். அவருடைய மானிட்டர் பழுதாகி, புதிது வாங்கிய நாளிலிருந்து பாட்டு கேட்கவில்லை. கடையில் சவுண்ட் சிப் போயிருக்கலாம் என்றார்கள். முதலில் பார்மட் போடலாம், அதற்கும் சரியாகாவிட்டால் எல்லா பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டை மாற்றலாம் என்றார்கள். நல்லவேளையாக, ஒப்புக்கொள்வதற்கு முன் எனக்குப் போன் செய்தார். “பாட்டு ஓடுகிறதப்பா, பச்சைக் கோடும் ஏறி இறங்குகிறது, காதில்தான் ஒன்றும் விழவில்லை” என்றார்.

அந்தப் பச்சைக் கோடுதான் விடை. விண்டோஸின் பழைய சவுண்ட் செட்டிங்ஸ் பெட்டியில் பிளேபேக் என்ற பக்கம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த ஒலிக்கருவிகள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். பாட்டு ஓடும்போது எந்தக் கருவிக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு துள்ளுகிறதோ, அதற்குத்தான் ஒலி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். சித்தப்பாவின் திரையில் ஸ்பீக்கர் என்ற பெயருக்குப் பக்கத்தில் கோடு அசையவே இல்லை. புதிய மானிட்டரின் பெயருக்குப் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. பழைய மானிட்டருக்கு இருந்தது விஜிஏ கேபிள்; அதில் படம் மட்டும்தான் போகும். புதியதற்கு எச்டிஎம்ஐ கேபிள். அதில் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். புதிதாக ஓர் ஒலிக்கருவி வந்திருப்பதாக எண்ணிக்கொண்டு விண்டோஸ் ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. பட்டியலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து ‘செட் டிஃபால்ட்’ என்பதை அழுத்தச் சொன்னேன். போனிலேயே நாதஸ்வரம் கேட்டது.

இதற்காகவா மதர்போர்டு?

ஒலி என்பது திடீரென்று காற்றில் பிறந்துவிடுவதில்லை. பாட்டை ஓட்டும் மென்பொருளில் கிளம்பி, விண்டோஸின் கையில் கலந்து, ஒலிக்கருவியை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவர் வழியாக மதர்போர்டில் உள்ள சிறு சிப்புக்குப் போய், அங்கே மின்அலையாகி, பின்பக்கத் துளை, கேபிள் என்று கடந்து ஸ்பீக்கருக்கு வந்துசேருகிறது. இந்த வழியில் எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது. எந்த இடம் என்று பார்ப்பதுதான் வேலை. நான் எப்போதும் ஸ்பீக்கர் முனையிலிருந்து பின்னோக்கிப் பார்க்கச் சொல்வேன். முதலில் ஸ்பீக்கரைக் கழற்றி, ஹெட்போன் துளையுள்ள ஒரு செல்போனில் செருகிப் பாருங்கள். அங்கேயும் பாடவில்லை என்றால் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லவே வேண்டாம்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் இந்தப் புகார் அதிகமாக வருவதைக் கவனித்திருக்கிறேன். மேஜையை நகர்த்தி, ஒயர்களைக் கழற்றி, துடைத்து, பொட்டு வைத்து, மறுபடி இருட்டில் கையால் தடவிச் செருகுகிறோம். பின்பக்கத்தில் மூன்று துளைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, மூன்றும் 3.5 மில்லிமீட்டர், எதில் செருகினாலும் உள்ளே போய்விடும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து பிசி 99 என்ற வழிகாட்டியில் நிறங்களை வகுத்துவைத்தன. பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. செல்போன் டார்ச்சை அடித்துப் பச்சையில் செருகுங்கள். முன்பக்கத் துளை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், பெட்டிக்குள் அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் சிறு ஒயர் கழன்றிருக்க வாய்ப்பு உண்டு. பின்பக்கத்தில் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மென்பொருள் பக்கம் வரலாம். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி ஒலி அளவு உண்டு. மொத்த அளவு நூறில் இருக்கும்போதே பிரவுசர் மட்டும் ஊமையாகிக் கிடக்கலாம். குரோமில் ஒரு தளத்தை மட்டும் ஊமையாக்கும் வசதிகூட இருக்கிறது. கை தவறி அதை அழுத்தியவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் நின்றது என்றால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். கம்ப்யூட்டரில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒலிக்கருவியை ‘அன்இன்ஸ்டால்’ செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை மறுபடி இயக்கினால், பெரும்பாலும் விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். தனியாக டிரைவர் வேண்டுமென்றால் கம்ப்யூட்டரையோ மதர்போர்டையோ தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் எடுங்கள். ‘உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழசாகிவிட்டன’ என்று மிரட்டும் இலவச மென்பொருள்களின் பக்கம் போகவே போகாதீர்கள்.

சிப்தான் போய்விட்டது என்று அடித்துச் சொல்பவருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக இயங்கக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்து இயக்கி, இன்ஸ்டால் செய்யாமல் ‘டிரை’ என்பதை மட்டும் அழுத்துங்கள். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. அங்கே பாட்டு கேட்டால் சிப் உயிரோடு இருக்கிறது, பழுது விண்டோஸில்தான். அங்கேயும் கேட்காவிட்டால், அதன் பிறகு வன்பொருளைப் பற்றிப் பேசலாம். அப்போதும் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. சில நூறு ரூபாய்க்கு யுஎஸ்பி சவுண்ட் கார்டு சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கிறது, ஆன்லைனிலும் கிடைக்கிறது. விரல் அளவுதான் இருக்கும், செருகினால் பாடும்.

பார்மட் போட்டால் சில நேரம் சரியாகத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. டிரைவர் புதிதாக ஏறுகிறது, மாறிக் கிடந்த தேர்வுகள் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் காரணம் என்ன என்று கடைக்காரருக்கும் தெரியாமல் போகிறது, நமக்கும் தெரியாமல் போகிறது. அடுத்த முறை ஒரு டிவியை எச்டிஎம்ஐயில் இணைத்ததும் மறுபடி ஊமை, மறுபடி கடை.

பழியைக் கடைக்காரர் மீது மட்டும் போடுவதும் நியாயம் இல்லை. பார்மட்டை ஓடவிட்டுவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கலாம். காரணத்தைத் தேடுவதென்றால் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார வேண்டும். அந்த அரைமணி நேரத்துக்குக் கூலி கேட்டால் நாம்தான் முகம் சுளிக்கிறோம். “ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?” என்று கேட்கிறவர்கள் இருக்கும்வரை, எதையாவது மாற்றித்தான் பில் போடுவார்கள்.

இது வெறும் பாட்டு விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பார்வையற்றவர்கள், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பு மென்பொருளை வைத்துத்தான் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கி, இலவசமாகத் தரும் மென்பொருள் அது, தமிழையும் வாசிக்கும். அவர்களுக்குச் சத்தம் நின்றால் திரையே அணைந்ததற்குச் சமம். எந்தக் கருவி தேர்வாகியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கும் அவர்களுக்கு ஒலி வேண்டும். ஆகவே அவர்கள் வீட்டில் ஒரு யுஎஸ்பி ஹெட்செட் கட்டாயம் இருக்க வேண்டும். செருகியதும் பெரும்பாலும் விண்டோஸ் அதற்கு மாறிவிடும், குரல் திரும்பிவிடும். “நாளை வந்து பார்க்கிறேன்” என்று அவர்களிடம் சொல்லும் கடைக்காரர், ஒரு நாள் முழுக்க அவர்களுடைய வேலையை நிறுத்திவைக்கிறார்.

சர்வீஸ் கடை நடத்தும் நண்பர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் வந்ததும், கடைசியாக எதை மாற்றினீர்கள், எதைக் கழற்றி மாட்டினீர்கள் என்று கேளுங்கள். பழுது கண்டறியும் கட்டணம் என்று ஒரு தொகையைப் பலகையில் எழுதி மாட்டுங்கள். பில்லில் காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். பேரம் பேசாமல் கொடுக்க நான் தயார். என்னைப் போல் இன்னும் பலர் கொடுப்பார்கள்.