தாமதமாக வந்தால் விழுகிறது என்று அர்த்தமில்லை

அண்ணா, கிருஷ்ணகிரி அணை மேலே விண்வெளி நிலையம் ஆப் காட்டிய நேரத்தைவிட இரண்டு நிமிடம் பிந்தி வந்ததால் அது கீழே விழப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிந்தி வந்ததை நம்புகிறேன். ஆனால் காரணம் நேர்மாறானது. பாதை தாழ்ந்தால் சுற்று சுருங்கும், வேகமும் கூடும், அதனால் முந்தித்தான் வரும். சுமார் 400 கி.மீ. உயரத்தில் மெல்லிய காற்று இழுப்பதால் அது தாழ்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்துவார்கள். ஒரு கி.மீ. உயர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நொடிக்குச் சற்று அதிகமாகக் கூடும், அதனால் பிந்தி வரும். ஒரு நாளைக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. சரி, அப்படி ஒரு கி.மீ. உயர்த்துவதற்கு முந்தைய, ஒரு வாரப் பழைய சுற்றுப்பாதைத் தரவு உங்கள் ஆப்பில் இருந்தால் அந்த இரண்டு நிமிடம் வந்துவிடும். புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். நேரத்தை நொடிக்கணக்கில் குறித்தது அருமையான வேலை, விடாதீர்கள்.