அந்த வீடியோவுக்குச் சிரிச்சவங்களுக்கு

பளு தூக்கும்போது சிறுநீர் கசிஞ்சிட்ட அந்தப் பொண்ணோட வீடியோவை இனிமே யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. கீழ சிரிப்பு பொம்மை போட்டவங்க யார் யாருன்னும் பார்த்தாச்சு. என் நட்புப் பட்டியல்லயே இத்தனை பேரா! "டயப்பர் மாட்டிட்டு வந்திருக்கலாம்"னு எழுதின அண்ணன், போன வாரம்தான் பெண்களோட மனவலிமை பத்தி நீளமா ஒரு பதிவு போட்டார். நல்லா இருங்கண்ணே.

அவ தூக்கின எடை எவ்வளவுன்னு உங்கள்ல ஒருத்தராவது கவனிச்சீங்களா? பேண்ட்ல இருந்த ஈரம் மட்டும் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கு.

சிறுநீர்க் கசிவு வயசானவங்க சமாச்சாரம் மட்டும் இல்லை. இருபதுலயும் வரும். பிள்ளை பெறாதவளுக்கும் வரும். ஆம்பளைக்கும் வரும். சிறுநீர்ப்பையைக் கீழேயிருந்து தாங்குறது இடுப்புத்தளத் தசை. எடை தூக்கும்போதும் குதிக்கும்போதும் தும்மும்போதும் வயித்துக்குள்ள அழுத்தம் ஏறும். அந்த நேரம் தசை இறுகி வழியை அடைக்கணும். அழுத்தம் அதை மிஞ்சிட்டா கசியும். 2002-ல வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வுல, டிராம்போலின்ல, அதான் துள்ளி எகிற வைக்கிற வலையில, குதிக்கிற 35 பொண்ணுங்ககிட்ட கேட்டாங்க. எல்லாரும் 12-லிருந்து 22 வயசுக்குள்ள. 28 பேருக்குப் பயிற்சியின்போது கசிஞ்சிருக்கு. அத்தனை பேரும் சோம்பேறிங்களா? சுத்தம் தெரியாதவங்களா?

எனக்கு இருபதுகளோட ஆரம்பத்துல வந்தது. மாசக்கணக்கா விடாத இருமல், அதுக்கப்புறம் இது. ஆபீஸ்ல யாராவது ஜோக் சொன்னா எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நான் காலைப் பின்னிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, கம்ப்யூட்டரையே பார்த்துட்டு உக்காந்திருப்பேன். "உம்மணாமூஞ்சி"ன்னு பேரு. சிரிச்சா என்ன ஆகும்னு எனக்குத்தானே தெரியும். மாதவிடாய் பேடை வெச்சுச் சமாளிச்சேன். அது மெதுவா வர்ற ரத்தத்துக்குச் செஞ்சது, சட்டுனு வர்ற சிறுநீரை இழுக்காது, ஓரத்துல வழிஞ்சிடும். கசிவுக்குன்னே தனி பேட் இருக்குங்கிறதைச் சொல்லக்கூட ஆளில்லை. யார்கிட்ட கேக்குறது?

முதல்ல பார்த்த டாக்டர் கேட்டது, "கல்யாணம் ஆயிடுச்சா?" அடுத்து, "தண்ணியைக் குறைம்மா." குறைச்சேன். சிறுநீர் அடர்த்தியாகி, பை எரிச்சல்பட்டு, அடிக்கடி முட்டிக்கிட்டு வந்ததுதான் மிச்சம். மலச்சிக்கல் வேற. அதுவும் கசிவைக் கூட்டும். கடைசியில ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்காதான் வழிக்குக் கொண்டுவந்தாங்க. கீழ முக்கக் கூடாது, அந்த இடுப்புத்தளத் தசையை உள்ளே மேல் நோக்கி இழுக்கணும், மூச்சை அடக்கக் கூடாது, தும்மல் வர்றதுக்கு ஒரு நொடி முன்னாடியே இறுக்கணும். மூணு மாசமாவது விடாம செய்யணும்னாங்க. செஞ்சேன். முழுசா நிக்கலை. ஆனா இப்போ சிரிக்கிறேன்.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" ஆமா, இவ்வளவுதான். "அப்போ எடை தூக்காம இருக்கட்டும்." ஏன், உங்க கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கவா? "இதையெல்லாம் பொதுவெளியில பேசணுமா?" அவளோட ஈரத்தைப் பொதுவெளியில போட்டது நானா? சரி, ஒரு கேள்வியில மட்டும் நியாயம் இருக்கு. இதை எழுதுறதால எல்லாரும் இது சாதாரணம்னு சும்மா இருந்துட மாட்டாங்களான்னு தோழி ஒருத்தி கேட்டா. இருந்துடக் கூடாது. கிருமித்தொற்றா இருக்கலாம், சர்க்கரையா இருக்கலாம், சிறுநீர்ப்பை நிறையறதுக்கு முன்னாடியே தானா சுருங்குற கோளாறா இருக்கலாம், தண்டுவடமோ நரம்போ காரணமா இருக்கலாம். முதுகுவலியோட தொடையிடுக்கு மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்பாடு திடீர்னு போச்சுன்னாலோ, போகவே வரலைன்னாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

ஆனா யார் போவா? நீங்க சிரிக்கிறதைப் பார்த்துட்டு எந்தப் பையன் வாயைத் திறப்பான்? பெரியவனான பிறகும் ராத்திரி படுக்கை நனையுறவங்க இருக்காங்க. அது பரம்பரையாவும் வரும், மருத்துவமும் இருக்கு. அவன் விடுதியில எல்லாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எழுந்து விரிப்பைச் சுருட்டிக்கிட்டு, ஊர் சுத்திப்பார்க்கக் கூப்பிட்டா தலைவலின்னுட்டு இருப்பான். சோம்பேறின்னு அவனுக்கும் ஒரு பேரு வெச்சிருப்பீங்க. உங்க வீட்டுலயே அப்படி ஒருத்தன் இருக்கலாம். உங்ககிட்ட மட்டும் சொல்லவே மாட்டான், நீங்க எதுக்குச் சிரிப்பீங்கன்னு இப்போ அவனுக்குத் தெரியும்.

"துணிச்சலான பதிவு தோழி"ன்னு யாரும் பூங்கொத்து நீட்ட வேண்டாம். டாக்டர்கிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம இருக்குறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க, ஆணோ பெண்ணோ, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். தண்ணியைக் குறைன்னு யாராவது வந்தா பிளாக்தான்.