திருநீற்றுப் புதனும் சீலா மீனும்

(தூத்துக்குடி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். பனிமய மாதா கோயிலில் காலைத் திருப்பலி கண்டுவிட்டு, சென்ற ஆண்டின் குருத்தோலையை எரித்த சாம்பல் நெற்றியில் சிலுவையாகத் துலங்க வீடு திரும்பிய சூசை, கனத்த மீன் பை ஒன்றை அடுப்படித் திண்டில் வைக்கிறார். அவருக்கு வயது 61. மனைவி அமலி மண்சட்டியைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.)

சூசை: அமலி, இன்று எனக்கு ஒருசந்தி நோன்பு. ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பிட முடியும் என்பதால், இந்தச் சீலாவில் பாதியைக் குழம்பு வைத்து, நடுத்துண்டுகளை மட்டும் மிளகு தடவிப் பொரித்துவிடு.

அமலி: ஒருசந்தி இருக்கிறவர் நான்கு கிலோ மீனா வாங்கி வருவார்?

சூசை: திருச்சபை விலக்கியிருப்பது இறைச்சியைத்தான். வெனிசுவேலாவில் கேப்பிபரா என்று ஆட்டின் பருமனில் எலி இனத்து விலங்கு ஒன்று உண்டு. தண்ணீரில் கிடக்கிறது என்பதற்காக அதையே மீன் கணக்கில் சேர்த்துத் தவக்காலத்தில் சமைக்கிறார்கள்.

அமலி: நல்லவேளை, நம் ஊரில் ஆடு நீந்துவதில்லை. காலைக்கும் மாலைக்கும்?

சூசை: சிறிதளவு உண்ணலாம் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இலேயே சொல்லிவிட்டார். வேளைக்கு நான்கு இட்லி போதும்.

அமலி: வழக்கமாகவும் நான்குதானே?

சூசை: வழக்கமாக வடையும் உண்டு.

அமலி: இறைச்சி விலக்குவது 14 வயதிலிருந்து கடைசிவரை உண்டு. ஒருசந்திக் கடமையோ 18 வயதில் தொடங்கி 59 நிறைந்ததும் முடிந்துவிடுகிறது. உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

சூசை: கட்டாயம் இல்லாமலே இருக்கிறேன் என்பதுதானே பெருமை! சாம்பலை அழிக்காமல் கடைத்தெரு முழுவதும் சுற்றி வந்ததில், நான்கு பேராவது "முகம் வாடியிருக்கிறதே" என்று விசாரித்தார்கள்.

அமலி: நோன்பு இருக்கும்போது முகவாட்டம் காட்டாமல், தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லும் மத்தேயு நற்செய்தியை வாசித்த பிறகுதானே இன்று சாம்பலே பூசினார்கள்? உங்கள் காதில் அது விழவில்லையா?

சூசை: அந்த நேரத்தில் மீன் விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

அமலி: நோன்பு நாளில் தம் விருப்பத்தை நாடிக்கொண்டே வேலையாள்களை ஒடுக்குகிறவர்களைப் பற்றி விவிலியத்தின் எசாயா நூல் 58ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் குறைபட்டுக்கொள்கிறார். இந்த வீட்டின் வேலையாள் யார்? மற்ற நாள்களில் ஒரு குழம்போடு அடுப்பை அணைத்துவிடுகிற நான், நீங்கள் ஒருசந்தி இருக்கும் நாளில்தான் குழம்பு, பொரியல், ரசம், இரண்டு முறை இட்லி என்று அடுப்படியிலேயே வெந்துகொண்டிருக்கிறேன்.

சூசை: பிறகு எப்படித்தான் நோன்பு இருப்பதாம்?

அமலி: பசித்தவரோடு உணவைப் பகிர்வதே தமக்கு உகந்த நோன்பு என்று அதே அதிகாரத்தில் பதிலும் சொல்லியிருக்கிறார். உண்ணாமல் மிச்சம் பிடித்ததை நம் பெட்டியிலேயே பூட்டி வைப்பதற்கு வங்கி போதும், கோயில் எதற்கு? எதிர்வீட்டு வள்ளம் ஒரு வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. இந்த மீனை அங்கே கொடுங்கள்.

சூசை: மீன்பிடிக்கிறவர் வீட்டுக்கே மீனா?

அமலி: பிடிக்கிற சீலா எல்லாம் ஏலத்துக்குப் போய்விடும், அந்த வீட்டுப் பிள்ளைகள் நடுத்துண்டை எங்கே கண்டார்கள்?

சூசை: (பெருமூச்சு விட்டு) சரி, நானே தூக்கிக்கொண்டு போகிறேன். தெருவே பார்க்கட்டும்.

அமலி: வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பதும் இன்றைய வாசகத்தில்தான் வருகிறது.

சூசை: நான்கு கிலோ மீனை ஒரே கையால் எப்படியம்மா தூக்குவது?