"பாத்துட்டு சொல்றேன் மச்சி"ன்னு சொல்றவனோட அந்தமான் பிளான் போடாதீங்க

மறுபடியும் அதேதான். அஞ்சு பேர் பணம் போட்டாச்சு, ஆதார் காப்பி அனுப்பியாச்சு, ஆபீஸ்ல திங்கக்கிழமைக்கு லீவும் சொல்லியாச்சு. ஆறாவது ஆள் மட்டும் குரூப்ல ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டுக் காணாமப் போயிட்டான். வர்றானா, வரலையா? போன் போட்டுக் கேட்டா "பாத்துட்டு சொல்றேன் மச்சி". என்னத்தடா பாக்கப் போற? சனி, ஞாயிறு எங்கயும் போயிடாது. அந்தமானும் அதே இடத்துலதான் இருக்கும்.

நகர்றது டிக்கெட் விலை மட்டும்தான். அது எப்படி நகருதுன்னு தெரியாததாலதான் இவ்வளவு மெத்தனம். ஒரு விமானத்துல எல்லா சீட்டும் ஒரே விலை கிடையாது. அடுக்கடுக்கா விலை வெச்சிருப்பாங்க, கீழ் அடுக்கு தீர்ந்தா அடுத்தது. கீழ் அடுக்குல நாலு சீட்டுதான் மிச்சம்னு வைங்க. ஆறு பேரையும் ஒரே புக்கிங்ல தேடினா, ஆறு சீட்டுக்குமே மேல் அடுக்கு விலையைத்தான் பொதுவா காட்டும். அதனால முதல்ல ஒருத்தருக்கு மட்டும் தேடணும். அப்புறம் ரெண்டு, மூணுன்னு ஏத்திக்கிட்டே போய், விலை எங்க குதிக்குதோ அங்க புக்கிங்கை ரெண்டா உடைக்கணும். அஞ்சு நிமிஷ வேலை. இவன் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்த நாலு சீட்டையும் வேற யாரோ எடுத்துட்டுப் போயிடுறாங்க.

"அவன் பேரையும் போட்டுடலாம், வரலைன்னா என் தம்பி வரட்டும்"னு ஒரு நல்ல மனசுக்காரன் கிளம்புவான். பேரை மாத்த விடமாட்டாங்கய்யா! குறைஞ்ச விலை டிக்கெட்டை ரத்து பண்ணா கட்டணத்துல பெரும்பகுதி போச்சு. அரசு வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் மட்டும் திருப்பித் தந்தாகணும், அது விதி. அதையாவது விடாம கேட்டு வாங்குங்க.

ஆனா விமானம் கூடப் பரவாயில்ல. நிஜமா ரத்தம் கொதிக்கிறது கப்பல் டிக்கெட்லதான்.

சென்னையில இருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது 2024 வரைக்கும் போர்ட் பிளேர், ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. எல்லாரும் ஆசைப்படுற ராதாநகர் கடற்கரை அங்க இல்ல, ஹேவ்லாக்ங்கற வேற தீவுல இருக்கு. 2018 டிசம்பர்ல அதுக்கு ஸ்வராஜ் தீவுன்னு பேரை மாத்தினாங்க. அங்க போகணும்னா கப்பல். தனியார் கப்பல் ஒன்றரை மணியில இருந்து ரெண்டு மணி நேரம், அரசுக் கப்பல் ரெண்டரை மணி நேரம். ஒரு நாளைக்குச் சில நடைதான், சாயங்காலத்தோட சரி. ராத்திரி எட்டு மணிக்கு ஓடி வந்து ஏற இது டவுன் பஸ் கிடையாது.

அந்த டிக்கெட்டுக்கு ஒவ்வொருத்தரோட பேர், வயசு, அடையாள அட்டை விவரம் எல்லாம் வேணும். இப்பக் கேளுங்க.

திங்கக்கிழமை "ஆதார் அனுப்புடா"ன்னு கேட்டா, "வீட்ல இருக்கு, ராத்திரி அனுப்பறேன்". ராத்திரி பதினோரு மணிக்கு நினைவுபடுத்தினா, பாத்ததுக்கு ரெண்டு நீல டிக். செவ்வாய்க்கிழமை ஒரு போட்டோ வரும். அட்டை மேல அவன் விரல், நம்பர்ல பாதி விரலுக்கு அடியில. "முழுசா தெரியற மாதிரி எடுடா." புதன்கிழமை பின்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்புவான். அதுல விலாசம் தெளிவா இருக்கு, அந்த விலாசத்தை வெச்சு என்ன பண்றது? "முன்பக்கம்டா, பேரு இருக்கற பக்கம்!" வியாழக்கிழமை பான் கார்டு வரும். எவன் கேட்டான் பான் கார்டு? வருமான வரியா கட்டப் போறோம்? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவழியா முன்பக்கம் வருது. அதுக்குக் கீழ "எப்பவும் என்னையே அவசரப்படுத்துறீங்க"ன்னு ஒரு வரி வேற! உன்னையா அவசரப்படுத்துறோம்? அஞ்சு நாளாடா!

அதுக்குள்ள காலைக் கப்பல்ல நாலு சீட்டுதான் மிச்சம். மீதி ரெண்டு பேர் மத்தியானக் கப்பல். அஞ்சு நாள் இழுத்தவன் எதுல போவான்? காலைக் கப்பல்ல. ஏன்னா அவனுக்கு "வெயில் ஒத்துக்காது". மத்தியானக் கப்பல்ல போறது முதல் நாளே ஆதார் அனுப்பின ரெண்டு அப்பாவிங்க.

ரெண்டு மூணு மணி நேரந்தானே வித்தியாசம்னு சாதாரணமா சொல்றாங்க. அந்த ஊர்ல அது ஒரு முழுப் பொழுது. நம்ம கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வெச்சு ஓடுது. அந்தமான் கிட்டத்தட்ட 92.7 பாகையில இருக்கு. ஒரு பாகைக்கு நாலு நிமிஷம், ஆக விடியறது, இருட்டறது எல்லாம் அங்க நாற்பது நிமிஷம் முன்னாடியே நடந்து முடிஞ்சுடும். டிசம்பர்ல அஞ்சு மணி வாக்குல சூரியன் இறங்கிடும். மத்தியானக் கப்பல்ல வந்து இறங்கி, வண்டி பிடிச்சு, துறைமுகத்துல இருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கற ராதாநகர் போய்ச் சேர்றப்ப இருட்டிடும். காசும் கொடுத்து, லீவும் போட்டு, அவங்க பாக்கறது இருட்டுல அலைச் சத்தம்.

கப்பல்ல ஏறின பிறகாவது சும்மா இருக்கானா? "எனக்கெல்லாம் கடல் ஒண்ணும் பண்ணாது." வாந்தி மாத்திரையை ஏறறதுக்கு அரைமணி, ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும். குமட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டா மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்துடும். கப்பலோட நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல ஆட்டம் கம்மி. இவன் ஜன்னல் வேணும்னு முன்வரிசையில போய் உக்காருவான். அப்புறம் பை தேடி மத்தவங்க ஓடணும்.

உச்சக்கட்டம் ஞாயிற்றுக்கிழமை. திட்டம் சுலபம்: காலையில ஸ்கூபா (காத்து சிலிண்டரோட கடலுக்கடியில டைவ் அடிக்கிறது), மத்தியானம் திரும்புற கப்பல், ராத்திரி ஸ்ரீ விஜயபுரம், திங்கக்கிழமை விமானம். கடல் சரியில்லாம கப்பல் தாமதமானாலோ ரத்தானாலோ தாங்கறதுக்குத்தான் நடுவுல ஒரு ராத்திரி. இவன் ஒன்பது மணிக்கு எந்திரிக்கிறான். முன்பதிவு பண்ணின நேரம் போச்சு, முன்பணமும் போச்சு. அதுக்கு இவன் சொல்ற தீர்வு, "நாளைக்குக் காலையில ஸ்ரீ விஜயபுரம் பக்கத்துல இருக்கற நார்த் பேல ஒரு டைவ் போட்டுட்டு அப்படியே ஃபிளைட் ஏறிடலாம்".

டேய், செத்துப் போயிடுவடா! ஆழத்துல அழுத்தத்தோட மூச்சு விடறப்ப நைட்ரஜன் உடம்புக்குள்ள கரைஞ்சு நிக்கும். மெதுவாத்தான் வெளிய போகும். விமானத்துக்குள்ள காத்தழுத்தம் கிட்டத்தட்ட 8,000 அடி மலை உச்சியில இருக்கற அளவு வரைக்கும் குறையலாம். கரைஞ்ச நைட்ரஜன் அங்க குமிழா கிளம்பும். மூட்டுவலியில ஆரம்பிச்சு பக்கவாதம் வரைக்கும் போகும். ஒரே ஒரு டைவ்னா கூடக் குறைஞ்சது 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேலன்னா 18 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும். இதைச் சொன்னா "நீங்க ரொம்ப பயப்படுறீங்க"ன்னு சிரிக்கிறான். மனுஷன் உயிருல என்னடா சிரிப்பு? சொந்த நண்பன்கிறதாலதான் கத்துறது. பை நிறைய பவளத்துண்டு பொறுக்கி வெச்சிருக்கறதையும் அங்கயே கொட்டச் சொல்லுங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், விமான நிலைய ஸ்கேனர்ல மாட்டினா ஆறு பேரும் நிக்கணும்.

அப்புறம் இந்த போட்டோ விஷயம்! ஆறு பேர் படமும் நல்ல கேமரா இருக்கற ஒரே ஒருத்தன் போன்லதான் இருக்கும். அந்த ஆளும் இவனேதான். ஊர் திரும்பி மாசக்கணக்காச்சு. கேட்டா வாட்ஸ்அப்ல மங்கலா நாலு படம் வருது, நாலுலயும் அவன்தான் நிக்கிறான். முழுத் தரத்துல டிரைவ்ல ஏத்தி ஒரு லிங்க் அனுப்ப எவ்வளவு நேரம்டா ஆகும்? அதுக்கும் கட்டைவிரல்தான் போடுறான்.