அப்பாவின் மருந்துச் சட்டை

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடாத வீடு குறைவு. மருந்தடிக்கவென்றே அப்பாவிடம் ஒரு சட்டை இருந்தது. தெளிப்பானின் மூடி சரியாக இறுகாது. 16 லிட்டர் டேங்க்கை முதுகில் மாட்டி நாலு சால் நடப்பதற்குள் முதுகு நனைந்துவிடும். சட்டையைத் துவைகல்லில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். அம்மா அதை வெறும் கையால் கசக்குவாள், எங்கள் பள்ளிச் சீருடை ஊறும் அதே வாளியில்.

போன வாரம் ஊரில் விழிப்புணர்வுக் கூட்டம். கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள்; எல்லாம் சரியான பேச்சுதான். நாற்காலிகளில் ஆண்கள். அந்தச் சட்டை வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீயும் வடையும் வந்ததும் கூட்டம் கலைந்தது.

தக்காளிக்கு நாங்கள் பல வருடம் அடித்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை. ஆனால் கடைக்காரர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதுதான் எங்களுக்குச் சட்டம். டப்பாவின் சிவப்பு முக்கோணம் கடும் நஞ்சின் அடையாளம் என்பதே கல்லூரிக்குப் போனபின்தான் எனக்குத் தெரியும். தீர்ந்த டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தோம். நினைத்தால் இப்போதும் குலை நடுங்குகிறது.

இவ்வகை மருந்துகள் நரம்புகளுக்கு வேண்டிய கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குபவை. மூக்கை மூடினால் போதும் என்று நினைக்கிறோம். தோல் வழியாகவும் தாராளமாக ஏறும், வியர்த்த தோலில் இன்னும் வேகமாக. தலைவலி, கண் மங்கல், எச்சில் ஊறல், குமட்டல். துவைத்த நாட்களில் அம்மாவுக்கு இவற்றில் பாதியாவது வரும். பித்தம் என்று எலுமிச்சைச் சாறு குடித்துப் படுத்துக்கொள்வாள். மருந்துதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒருமுறை மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது, சீட்டில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு வயலைப் பற்றி யார் கேட்பார்கள்?

இப்போது தெளிப்பான் தம்பி முதுகில். அவன் மனைவி வந்த முதல் மாதமே சொல்லிவிட்டாள்: மருந்துச் சட்டையை அவனே தனி வாளியில் அலசிப் போட வேண்டும், குளித்த பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆண்பிள்ளையைத் துவைக்க விட்டுவிட்டாளாம்.