கொலம்பஸ் தம்பியின் நட்சத்திர அட்டவணை

(2025 நவம்பரில், ஒஹாயோ–மிச்சிகன் மேட்சுக்கு முன் எழுதியது.) நேற்று ராத்திரி கொலம்பஸில் இருக்கும் தம்பி நம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அட்டவணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் ஒஹாயோ ஸ்டேட், வலது பக்கம் மிச்சிகன், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பரம எதிரி அணிகள். பள்ளியிலேயே திறமைக்குக் கொடுக்கும் நட்சத்திரக் கணக்கில், ஐந்து நட்சத்திரப் பையன்கள் எத்தனை, நான்கு எத்தனை, மூன்று எத்தனை. அடியில், "சனிக்கிழமை மேட்ச் ஆடவே வேண்டாம், எண்ணிப் பார்த்தாலே போதும்." அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கடந்து போயிருப்பேன். அடுத்த வரிதான் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது: "உங்க பசங்கள்ல பாதிப் பேர் எங்க டீமுக்குத் தண்ணி பாட்டில் தூக்கக்கூட லாயக்கில்லை."

நான் பதில் போட்டதும், "அக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த ஃபுட்பால் எல்லாம்" என்று வந்தது. அதற்குப் பதினோரு பேர் சிரிப்பு போட்டிருந்தார்கள். அதில் நம் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்களும் உண்டு. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எதுக்கு என்றால், 14 வருடமாக மிச்சிகன் மாநிலத்துக் கான்டனில் இருக்கிறேன். மிச்சிகன் அணியின் ஆன் ஆர்பர் மைதானம் வீட்டிலிருந்து அரை மணி நேரம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை என்றால் எங்கள் தெருவில் ஒரு கார் நகராது. இந்த ஆட்டத்தை நான் யாரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டு பார்க்க ஆரம்பிக்கவில்லை.

சரி, நட்சத்திரத்துக்கு வருவோம். அது என்ன? பள்ளியில் படிக்கும் 16, 17 வயதுப் பையன் ஒருவனை, அவனுடைய வீடியோவையும் கோடைக்கால முகாமில் அவன் ஓடுவதையும் பார்த்து, சில இணையதளங்கள் சொல்லும் ஒரு கணிப்பு. அவ்வளவுதான். பெரிய கல்லூரி ஒன்று ஸ்காலர்ஷிப் தருகிறேன் என்று சொன்னதும் அதே பையனின் நட்சத்திரம் ஏறுவதும் உண்டு. நட்சத்திரத்தைப் பார்த்துக் கல்லூரி வருகிறதா, கல்லூரியைப் பார்த்து நட்சத்திரம் வருகிறதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கணிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இல்லாத அணி தேசியப் பட்டம் வெல்வது மிகமிக அபூர்வம். ஒரு முழு சீசனுக்கு அது பொருந்தும். கூட்டம் கூட்டமாகப் பார்த்தால் பொருந்தும். ஒரே ஒரு சனிக்கிழமைக்கு, எதிரெதிரே நிற்கும் இரண்டு பையன்களுக்கு, அது பொருந்தாது. தம்பி, நான் சொல்வது இது மட்டும்தான்.

போன வருடம், 2024 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். இடம் கொலம்பஸ், உங்கள் ஊர். மிச்சிகன் அந்த வாரம் தரவரிசையிலேயே இல்லை. மூன்று டச் டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் கொண்டு போய் எடுக்கும் பெரிய ஸ்கோர்) வித்தியாசத்தில் தோற்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒஹாயோ அணியைத் திரட்ட 2 கோடி டாலர் செலவானது என்று அந்த சீசன் முழுக்கப் பேச்சு. எங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், யார்? டேவிஸ் வாரன். ஸ்காலர்ஷிப் இல்லாமல், வாக்-ஆனாகச் சேர்ந்தவன். பள்ளியில் படிக்கும்போதே ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சை எடுத்து மீண்டவன். உங்கள் அட்டவணையில் அவனை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? முடிவு 13–10, மிச்சிகன்.

அவன் அன்று பிரமாதமாக ஆடினான் என்று பொய் சொல்ல மாட்டேன். எறிந்த பந்தை எதிரணி பிடிக்கும்படி அவனும் இன்டர்செப்ஷன் கொடுத்தான். ஜெயிக்க வைத்தது, முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் டிஃபென்சிவ் லைன். நடுவில் நின்ற கென்னத் கிராண்ட் பள்ளியிலிருந்து வரும்போது மூன்று நட்சத்திரம்தான். இந்த ஏப்ரலில் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) வீரர் தேர்வின் முதல் சுற்றில், 13-வது ஆளாக மயாமி அணி அவனை எடுத்தது. இவனா தண்ணி பாட்டில் தூக்க லாயக்கில்லாதவன்?

2021-க்குப் போவோம். ஆன் ஆர்பரில் பனி கொட்டியது. 42–27, மிச்சிகன். அன்று ஐந்து டச் டவுன் போட்டது ஹசன் ஹாஸ்கின்ஸ், அவனும் மூன்று நட்சத்திரம். அன்று உங்கள் பக்கம் இருந்த கிறிஸ் ஒலாவேயும் மூன்று நட்சத்திரமாக ஒஹாயோவுக்கு வந்தவன்தான், தம்பி. உங்கள் அணி வரலாற்றிலேயே மிகச் சிறந்த ரிசீவர்களில் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்களில்) ஒருவன். அவனையும் சேர்த்துத்தான் நேற்று அவமானப்படுத்தினீர்கள். அது உங்களுக்குத் தெரியவே இல்லை.

இப்போது உங்கள் எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். "2012-லிருந்து 2019 வரை எட்டு வருடம் தொடர்ந்து தோற்றீர்களே, அப்போது நட்சத்திரம் ஜெயித்ததா இல்லையா?" ஜெயித்தது. 62–39, 56–27 என்று தோற்றதை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். திறமை அவர்களிடம் அதிகம் இருந்தது, பயிற்சியும் மேலாக இருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எட்டு வருடத்தில் ஒருநாள்கூட ஒஹாயோ பையன்களை லாயக்கில்லாதவர்கள் என்று நான் சொன்னதில்லை.

"எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகையைத் திருடித்தானே ஜெயித்தீர்கள்?" அதற்கு இந்த ஆகஸ்டில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ தண்டனை கொடுத்துவிட்டது. செய்தது தப்பு. 13–10 அந்தத் திருட்டு அம்பலமானதற்கு அப்புறம் நடந்தது. மேலே பேச எனக்கு ஒன்றுமில்லை.

"ஜனவரியில் நோட்ர டேம் கல்லூரி அணியை 34–23 ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கியது யார்?" நீங்கள்தான். நல்ல அணி, தகுதியான பட்டம். நீண்ட சீசனுக்கு நட்சத்திரம் பொருந்தும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

"குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) அணியை விட்டு மிச்சிகனுக்கு வருகிறான் என்றதும் குதித்தீர்களே, அவன் நாட்டிலேயே முதல் இடம் என்பதால்தானே?" குதித்தேன். அவன் பெல்வில் பையன், எங்கள் பக்கத்து ஊர். முதல் இடம் என்பதும் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் மற்ற பையன்களை மட்டம் தட்டினேனா? அதைச் சொல்லுங்கள்.

வருகிற சனிக்கிழமை ஒஹாயோ ஜெயிக்கலாம். 11–0 (11 வெற்றி, தோல்வி இல்லை) என்று முதல் இடத்தில் வருகிறார்கள், நாங்கள் 9–2. அவர்களுடைய ரிசீவர் ஜெரமையா ஸ்மித்தைப் பிடிக்க எங்களிடம் ஆள் இருக்கிறதா என்று எனக்கே பயம்தான். 20 பாயிண்டில்கூடத் தோற்கலாம். தோற்றாலும் நான் எழுதியது மாறாது. திங்கட்கிழமை வந்து "பார்த்தீர்களா அக்கா" என்று எழுதுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரும் கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன்தான் காரணம். பெயர் வேண்டாம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஏழு வயது. பத்தாவது படிக்கும்போது ஆறடி மூன்று அங்குலம், ஆஃபென்சிவ் லைனில் ஆடினான். என் வீட்டுக்காரர் முதுகு ஆபரேஷன் செய்து படுத்திருந்த குளிர்காலம் முழுக்க, நாங்கள் கேட்காமலே வந்து எங்கள் டிரைவ்வேயில் பனி அள்ளிப் போட்டவன். தோசை என்றால் ஆறு சாப்பிடுவான். பதினோராவது முடிந்த கோடையில் முகாம் முகாமாகப் போனான். அவன் அம்மா ஒருநாள் என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள்: ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் இவன் போனில் அந்தத் தளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறானாம், பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது வந்திருக்கிறதா என்று. சொல்லும்போதே அழுதுவிட்டாள். கடைசிவரை ஒன்றும் வரவில்லை. இரண்டு நட்சத்திரம்கூட இல்லை.

அவனுக்கு அப்போது 17 வயது. எந்தப் பெரிய கல்லூரியும் கூப்பிடவில்லை. ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தான். முதல் இரண்டு வருடம் பெஞ்சில் இருந்தான், இந்த வருடம் எல்லா மேட்சும் ஆடினான். செப்டம்பரில் நாங்கள் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தோம். மைதானத்தில் ஆயிரம் பேர் இருந்தால் அதிகம். மேட்ச் முடிந்து சேறும் வேர்வையுமாக ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். புடவையெல்லாம் சேறு. நான் துடைக்கவில்லை.

"உங்க பசங்க" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் மிச்சிகன் அணி என் நினைவுக்கு வரவில்லை, தம்பி. இவன்தான் வந்தான். மற்றபடி யார் எத்தனை நட்சத்திரம் வைத்திருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அவனுடைய சீசன் முடிந்துவிட்டது. தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டுக்கு வருகிறான். சனிக்கிழமை 12 மணிக்கு எங்கள் வீட்டு சோஃபாவில்தான் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பான். வடைக்கு இப்போதே சொல்லிவிட்டான். நீங்களும் கொலம்பஸிலிருந்து குடும்பத்தோடு வருவதாகப் போன மாதமே சொல்லியிருக்கிறீர்கள். வாருங்கள், சிவப்புச் சட்டையே போட்டுக்கொண்டு வாருங்கள். அந்தப் பாட்டில் வரியை மட்டும் குழுவிலிருந்து எடுத்துவிட்டு வாருங்கள்.