அறிவிப்பு மட்டும் போதாது
இணையப் பக்க நிரலின் தலைப்பகுதியில் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தை அறிவித்துவிட்டால் இந்தி எழுத்துகள் சரியாகத் தெரியும் என, இந்தியில் இணையப் பக்கம் அமைப்பது பற்றிய கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறுவது, மூல உரை ஏற்கெனவே யூனிகோடில், அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையில், இருந்தால் மட்டுமே பொருந்தும். சௌகார்பேட்டையில் ஒரு புடவைக் கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தபோது, கடைக்காரர் தந்த இந்தி விலைப்பட்டியல் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் இந்தி வடிவங்களைக் காட்டும் கிருதி தேவ் என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தது; அறிவிப்பைச் சேர்த்த பிறகும் ‘ஹிந்தி’ என்ற சொல் எஃப், ஜி, யு, என், எச் என ஐந்து ஆங்கில எழுத்துகளாகவே திரையில் நின்றது, ஏனெனில் கோப்பில் உண்மையில் இருந்தவை அவைதாம். யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தின் காலத்தில் தமிழுக்குப் பட்ட பாடு போதாதா என்றிருந்தது. பட்டியலை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றியில் இட்ட பின்னரும் இந்தியின் குறில் இகரக் குறியை (ि) வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது: கிருதி தேவில் அது மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடிலோ, நம் எகரக் கொம்பைப் போலவே, திரையில் இடப்பக்கம் தெரிந்தாலும் மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படும்.